ஆரஞ்சு மணல் போன திசை

கொழும்புக்கு நான் போனது மண் அள்ளுவதற்கு. விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி வந்த நோக்கம் என்ன என்று கேட்டபோது, இதை அப்படியே சொன்னால் வம்பாகிவிடுமோ என்று "ஆராய்ச்சி" என்றேன். அவர் கடவுச்சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் "எதைப் பற்றி?" என்றார். மணலைப் பற்றி என்றேன். இப்போது நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன், உங்கள் நாட்டில் மணல் இல்லையா?"

"இருக்கிறது. ஆனால் கடலுக்கு அடியில் கிடக்கிற மணல் எங்களுடையதா, உங்களுடையதா என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு சண்டை."

அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். "எங்களுடையதாகத்தான் இருக்கும்" என்று அனுப்பிவைத்தார்.

நான் சொன்னது விளையாட்டுக்கு அல்ல. இலங்கையின் மேற்குக் கரைக்கு அப்பால், கப்பலிலிருந்து நீளக் குழாயை இறக்கி எடுத்த கடலடி மண் சென்னையில் எங்கள் ஆய்வகத்தில் இருக்கிறது. குழாயை நெடுக்கில் பிளந்தால் உள்ளே சாம்பல் நிறச் சேறு. நடுவில் ஒரு விரல் கனத்துக்கு மட்டும் இளஞ்சிவப்பு மணல் அடுக்கு. அந்தச் சிவப்பு கார்னெட் என்ற கனிமம். எங்கள் துறைத்தலைவர், அது தமிழ்நாட்டின் தென்கோடி ஆறுகளிலிருந்து கிளம்பி, காற்று மாறும் பருவத்தில் நீரோட்டம் இழுத்துப் போய்ச் சேர்த்த மணல் என்கிறார். இலங்கையிலேயே ஓடுகிற களனி ஆறு கொண்டுவந்து கொட்டியது என்பது என் கட்சி. இரண்டு பக்கமும் கார்னெட் உண்டு. ஆனால் ஒவ்வொரு மலையின் கார்னெட்டுக்கும் உள்ளே இருக்கும் உலோகக் கலவை வேறு. களனியின் மணலைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் எவ்வளவு கத்தினாலும் எடுபடாது.

வெள்ளவத்தையில் என்னை வரவேற்றவர் சுதர்ஷினி. பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்பிப்பவர். யாழ்ப்பாணத்துக்காரர். மின்னஞ்சலில் எத்தனையோ காலம் பேசியிருந்தோம், நேரில் பார்த்தது அன்றுதான். மாடிக் குடியிருப்பின் வாசலில் நின்றுகொண்டு, "வாங்கோ அக்கா! நீங்கள் உயரமா இருப்பியள் எண்டு நினைச்சன்" என்றார். எனக்கும் அவரைப் பற்றி அப்படியொரு நினைப்பு இருந்தது. இருவரும் ஒரே உயரத்தில் குட்டையாக நின்றோம்.

இரவு உணவு இடியப்பமும் சொதியும் மீன் குழம்பும் தேங்காய்ச் சம்பலும். எங்கள் ஊரில் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றிக் குழந்தைக்குக் கொடுப்பதுபோலக் கொடுப்பார்கள். இங்கே அது பெரியவர்கள் சாப்பிடும் உணவு. சுதர்ஷினியின் கணவர் என் தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னும் வையும், அவ காணாமல் சாப்பிடுறா" என்றார். 'காணாமல்' என்றால் என்ன என்று விழித்தேன். போதாமல் சாப்பிடுகிறேனாம். பிறகு உண்மையிலேயே போதும் போதும் என்கிற அளவுக்கு வைத்தார்கள்.

மறுநாள் காலையில் கடற்கரையைப் பார்க்கப் போனோம். வெள்ளவத்தையில் கடலுக்குப் போக ரயில் பாதையைத் தாண்ட வேண்டும். காலி வீதியின் சத்தம் ஒரு சந்துக்குள் திரும்பியதும் அடங்குகிறது. சந்து முடிகிற இடத்தில் தண்டவாளம், அதற்கு அந்தப் பக்கம் கருங்கல் குவியல், அதற்கு அப்பால் கடல். அலுவலக ரயில் ஒன்று கதவுக்கு வெளியே ஆட்கள் தொங்க எங்களைத் தாண்டிப் போனது. தொங்கியவர்களின் முகத்தில் கடற்காற்று. எங்கள் கடற்கரை ரயிலில் தொங்குகிறவர்களுக்குக் கடல் கண்ணிலேயே படாது.

"இது எனக்கு வேண்டாத மணல்" என்றேன். கற்களுக்கு நடுவே கையளவுதான் மணல் இருந்தது, அதுவும் சிப்பித் தூளாக.

"தெரியும். உங்களுக்கு வேண்டியது ஹெந்தளையில இருக்கு. அங்க ஒரு ஆளும் உங்களுக்காகக் காத்திருக்கிறா" என்றார் சுதர்ஷினி.

அந்த ஆள் ஸ்டெல்லா. களனி ஆறு கடலில் விழுகிற முகத்துவாரத்துக்கு வடக்கே, வத்தளையை ஒட்டிய கரையில் அவர் வீடு. பகல் சாப்பாட்டுப் பார்சல் கட்டி அலுவலகங்களுக்குக் கொடுக்கிறார். கணவர் இல்லை, பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி. கூடவே அண்ணன் அன்டனும் இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளாதவர், சொந்தப் படகில் மீன்பிடிக்கப் போகிறவர். சுதர்ஷினி முன்பு மாணவர்களோடு அந்தக் கரையை அளக்கப் போனபோது சாப்பாடு வாங்கிய பழக்கம், நட்பாகிவிட்டது.

நாங்கள் போய் இறங்கியபோது ஸ்டெல்லா பருப்புக் கறியைக் கிளறிக்கொண்டே எங்களை வரவேற்றார். அடுப்படிக்குப் பின்னால் ஒரு தென்னை. தென்னைக்குப் பின்னால் நான்கு எட்டு வைத்தால் நிலம் கத்தியால் வெட்டியதுபோல முடிகிறது. கீழே கடல். வெட்டிய விளிம்பில் இன்னொரு தென்னையின் வேர்கள் அந்தரத்தில் தொங்கின.

"அந்தப் பக்கம் வலை காயப்போட்ட இடம் மிஸ்" என்று ஸ்டெல்லா கரண்டியால் கடலுக்குள் ஒரு இடத்தைக் காட்டினார். "அதுக்கு அங்கால வள்ளம் இழுத்து வைக்கிறது. அதுக்கும் அங்கால நாங்க சின்னப்பிள்ளையில விளையாடின மணல்."

சென்னையில் ராயபுரத்துக்கு வடக்கே இதே காட்சியைப் பார்த்து வளர்ந்தவள் நான். துறைமுகச் சுவர் மணலைத் தெற்கே தடுத்து வைத்தது, மெரினா அகலமாகிக்கொண்டே போனது, எங்கள் பக்கம் தெருத்தெருவாகக் கரைந்தது. மெரினாவில் சுண்டல் தின்கிற யாருக்கும் தாங்கள் உட்கார்ந்திருப்பது யாருடைய மணல்மீது என்று தெரியாது.

ஸ்டெல்லா பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு நேராகக் கேட்டார். "நீங்க மண்ணப் பத்திப் படிச்சவங்கதானே மிஸ். இந்தக் கரை நிக்குமா, போகுமா?"

கரையோர வீடுகளுக்குப் பதிலாக, கடலை விட்டுத் தள்ளிக் கொலன்னாவைப் பக்கம் மாடி வீடு தருவதாக அதிகாரிகள் சொல்லியிருக்கிறார்களாம். போக விரும்புகிறவர்கள் இந்த மாதத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாதவர்களைத் திரும்பக் கேட்கமாட்டார்கள். அன்டன் போக மாட்டேன் என்கிறார். ஸ்டெல்லாவுக்கு முடிவெடுக்க முடியவில்லை. அண்ணனும் தங்கையும் பிறந்ததிலிருந்து ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள்.

நான் மண் அள்ள வந்தவள், ஆரூடம் சொல்ல வந்தவள் அல்ல என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கரையைப் பார்த்ததும் எனக்கே தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது. சுதர்ஷினி ஏற்கெனவே அனுமதி வாங்கி வைத்திருந்த சோதனை ஒன்று இருந்தது. கரையின் மணலையே கொஞ்சம் எடுத்து, புறஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தைப் பூசி, திரும்பவும் அலையில் விட்டுவிட வேண்டும். சில நாள் கழித்து வெவ்வேறு இடங்களில் மணலை அள்ளி விளக்கில் பார்த்தால் சாயமணல் எங்கே போயிருக்கிறது என்று தெரியும். "நாலு கையா இருந்தா இந்தக் கிழமையே செய்து முடிக்கலாம் அக்கா" என்றார். கிழமை என்றால் அவர்கள் பேச்சில் வாரம். ஒரு சாக்கு மணலை அள்ளிக்கொண்டு கிளம்பினோம்.

சாயம் வாங்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். பெரிய தேவாலயத்தின் கோபுரம் தெரிகிற தெருவில், பெயின்டும் ஆணியும் கயிறும் விற்கிற கடை. கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். ஒளிரும் ஆரஞ்சு வேண்டும் என்றதும், "தேருக்கா, வேனுக்கா?" என்று கேட்டார்.

"மணலுக்கு" என்றேன்.

"மணலுக்கு ஏன் புள்ள பெயின்ட்? அதுக்கு ஏற்கனவே கலர் இருக்குதானே."

கடலில் போட்டுவிட்டுத் திரும்பத் தேடப்போகிறோம் என்று சுதர்ஷினி விளக்கினார். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாயத்தூளை எடுத்து வைத்துவிட்டு, சாயம் மணலில் ஒட்ட வேண்டுமானால் நல்ல வார்னிஷ் வேண்டும், அது தன்னிடம் இல்லை, கிராண்ட்பாஸில் மச்சான் கடையில் இருக்கிறது என்று வழி சொன்னார். போகும்போது பின்னாலிருந்து, "மணல் கிடைச்சா வந்து சொல்லுங்க!" என்று கத்தினார்.

கிராண்ட்பாஸில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கி மாலு பாண் சாப்பிட்டோம். முக்கோணமான ரொட்டிக்குள் மீனும் உருளைக்கிழங்கும் மிளகும். பக்கத்து மேசையில் இரண்டு பேர் சிங்களத்தில் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன சண்டை என்று சுதர்ஷினியிடம் கேட்டேன். காதைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நீ என் பேச்சைக் கேட்காமல் குடை வாங்கினாய், இப்போது அந்தக் குடையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறாய் என்று இவர் சொல்கிறார். மழை வராது என்று சொன்னதே நீதான் என்று அவர் சொல்கிறார்."

மணலுக்குச் சாயம் பூசிய இடம் வெள்ளவத்தைக் குடியிருப்பின் மொட்டை மாடி. நல்ல தண்ணீரில் மணலை அலசி, உலர்த்தி, வார்னிஷில் சாயத்தூளைக் கரைத்து அதில் புரட்டி, பிளாஸ்டிக் விரிப்பில் பரப்பினோம். காய்ந்ததும் கட்டிகளைக் கையால் உதிர்த்துச் சல்லடையில் சலிக்க வேண்டும். சுற்றிலும் கொடிகளில் துணிகள். தண்ணீர்த் தொட்டியின் மேல் காகங்கள் வரிசையாக உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தன.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் கனகசபை மேலே வந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சலவை வேட்டி, நெற்றியில் திருநீறு.

"பிள்ளையள், இதென்ன வேலை? ஆரைக் கேட்டுச் செய்யிறியள்?"

"அங்கிள், இது மணல் எங்க போகுது எண்டு பாக்கிறதுக்கு" என்றார் சுதர்ஷினி.

"மணல் எங்க போகும்? குழாயுக்கை போகும். பிறகு நான்தான் பிளம்பருக்கு ஃபோன் அடிக்க வேணும்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, மழை கொட்டத் தொடங்கியது. நாங்கள் இருவரும் விரிப்பின் இரண்டு முனைகளைத்தான் பிடிக்க முடிந்தது. மற்ற இரண்டு முனைகளும் காற்றில் எழும்பின. திட்ட வந்த மனிதர் பாய்ந்து அவற்றைப் பிடித்தார். மூன்று பேருமாகப் படிக்கட்டுக் கூரைக்கு அடியில் இழுத்துக்கொண்டு போனோம். போய் நின்று பார்த்தால் அவர் வேட்டி முழங்கால் வரை ஆரஞ்சு.

"சலவையிலே போயிடுமே?" என்றார்.

சுதர்ஷினி வார்னிஷ் டப்பாவைத் தூக்கிக் காட்டினார். போகாது. போகக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வார்னிஷ். அவருக்கு மெதுவாக அது புரிந்தது. கொஞ்ச நேரம் வேட்டியையே பார்த்தார். பிறகு, "சரி, அப்ப வடிவாச் செய்யுங்கோ. ஒரு வேட்டியும் போச்சு, மணலும் போனா விசரல்லோ" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். விசர் என்றால் பைத்தியம். சற்று நேரத்தில் அவர் மனைவி எங்களுக்குத் தேநீரும் கட்லட்டும் கொடுத்தனுப்பினார்.

சாயமணலை ஹெந்தளையில் விட்டது ஒரு காலையில். தென்மேற்குக் காற்று அடங்கி வருகிற பருவம். ஆனாலும் அலை தோளில் தட்டியது. ஸ்டெல்லாவின் வீட்டுக்கு நேர் கீழே, முழங்கால் தண்ணீரில், சவர்க்கார நீரில் நனைத்த மணலைக் குனிந்து குனிந்து வரிசையாகக் கொட்டினோம். சவர்க்காரம் போடாவிட்டால் மணல் மூழ்காமல் தண்ணீரின் மேல் ஒட்டிக்கொண்டு மிதக்கும். அக்கம்பக்கத்தார் திரண்டுவிட்டார்கள். ரோந்து வந்த பொலிஸ்காரர் ஒருவர் சிங்களத்தில் "இது என்ன, பூசையா?" என்று கேட்டார். சுதர்ஷினி கைப்பையிலிருந்து அனுமதிக் கடிதத்தை எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் படித்துப் பார்த்து, கடலையும் பார்த்து, "என் மனைவியின் ஊரிலும் கரை போகிறது, அங்கேயும் வருவீர்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அலை இரண்டு மூன்று தடவை வந்து போனதும் ஆரஞ்சு மறைந்தது. தண்ணீர் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. அன்டன் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அதுவரை எங்களிடம் அதிகம் பேசாதவர்.

"எப்ப வந்து பாப்பீங்க?" என்றார்.

"நாலைந்து நாள் ஆகும்."

"சரி" என்றவர் தங்கையின் பக்கம் திரும்பி, "அதுதான் கதை, என்ன?" என்றார். ஸ்டெல்லா தலையாட்டினார். அந்தப் பேச்சின் பொருள் எனக்கு அப்போது புரியவில்லை.

இடைப்பட்ட நாளில் நான் வந்த வேலையைப் பார்த்தேன். அன்டன் தன் படகில் எங்களை முகத்துவாரத்துக்கு வெளியே கூட்டிப்போனார். இரும்புக் கவ்வி ஒன்றை வாய் திறந்தபடி கயிற்றில் இறக்குவோம். தரையைத் தொட்டதும் அது வாயை மூடி ஒரு கவளம் அள்ளிக்கொண்டு வரும். முதல் தடவை ஒரு செருப்பைக் கவ்விக்கொண்டு வந்தது. இரண்டாம் தடவை மூடவே இல்லை. மூன்றாவதில் கறுப்புச் சேறு, வாடையோடு, அழுகிய இலையும் பாலித்தீன் கிழிசலும் கலந்து. நகர்ந்து நகர்ந்து இறக்கினோம். திரும்பத் திரும்பச் சேறுதான். ஆற்று வாய்க்கு எதிரே, கரடுமுரடான சிவப்பு மணலை அள்ளப்போகிறோம் என்று நான் கனவு கண்டிருந்த இடத்தில், மணல் பெயருக்குத்தான் வந்தது.

படகு ஆட்டத்தில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. தலையை வெளியே நீட்டி எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது அன்டன் ஒரு எலுமிச்சங்காயை வெட்டி நீட்டினார். "மணந்து பாருங்க. நம்ம ஆளுங்களுக்கும் புதுசில வரும்."

திரும்பும் வழியில் அவரே பேச்செடுத்தார். "மிஸ், உங்கட மணல் எங்கட வீட்டுக்கு முன்னுக்கு நிண்டா நாங்க ரெண்டு பேரும் நிக்கிறது. போயிட்டா ரெண்டு பேரும் கொலன்னாவைக்குப் போறது. அப்பிடித்தான் நானும் தங்கச்சியும் பேசி வச்சிருக்கிறம்."

குமட்டல் எனக்கு ஒரேயடியாக நின்றுவிட்டது. "ஐயோ, அப்படிச் செய்யாதீங்க. இது ஒரு சில நாளில் நடக்கிறதை மட்டும்தான் காட்டும். ஒரு வருஷம் முழுக்க என்ன நடக்கும்னு இது சொல்லாது."

"அப்ப வருசம் முழுக்க ஆர் சொல்லுவா?"

சுதர்ஷினி என்னைப் பார்த்தார். நான் கயிற்றைச் சுருட்டினேன். ஒரு குடும்பத்தின் கூரை ஒரு சாக்கு மணலின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. இறக்கிவிட எனக்கு வழி தெரியவில்லை.

மணலைத் தேடிய நாளில் ஹெந்தளையில் திருவிழாக் கூட்டம். கரை நெடுகிலும், வடக்கே போட்டிருந்த கல் அணைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், பிடி பிடியாக மணல் எடுத்துத் தாம்பாளத்தில் பரப்பினோம். ஸ்டெல்லாவின் உள்ளறையில் ஜன்னலைப் போர்வையால் மூடி இருட்டாக்கி, புறஊதா விளக்கைப் பிடித்தோம். முதலில் எடுத்ததில் ஒன்றும் இல்லை. அடுத்ததிலும் இல்லை. கல் அணைக்கு வடக்கே எடுத்த மணலைப் பரப்பியதும் தட்டு முழுக்க ஆரஞ்சுப் புள்ளிகள் எரிந்தன. வடக்கே போகப் போக அடர்த்தி.  நாங்கள் விட்ட மணல் கற்களைச் சுற்றிக்கொண்டு நீர்கொழும்புப் பக்கமாகப் பயணம் கிளம்பியிருந்தது. கரையோரம் நீரோட்டம் வடக்கே இழுக்கும் என்று படித்திருக்கிறேன், பாடம் எடுத்திருக்கிறேன். இவ்வளவு விரைவாக, இவ்வளவு வெளிச்சமாகப் பார்த்ததில்லை. ஒரு கணம் எனக்கு வீடு, அண்ணன், தங்கை எல்லாம் மறந்து போய் வெறும் ஆச்சரியமாக இருந்தது. ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்ததும்தான் நினைவு வந்தது.

கடைசித் தட்டு வீட்டுக்கு நேர் முன்னால் எடுத்தது. அன்டன் தானே அள்ளிக்கொண்டு வந்திருந்தார். விளக்கைக் காட்டினேன். சிதறலாகச் சில புள்ளிகள்.

"இருக்கு!" என்று கத்தினார் அன்டன். "இருக்குதானே! பாருங்க, போகல்ல!"

"அண்ணன், அங்க எவ்வளவு போயிருக்கு எண்டு பாத்தீங்களா?" என்றார் ஸ்டெல்லா.

"நிக்கிறது நிக்குது. நிண்டா நிக்கிறது எண்டுதானே பேசினது?"

"ரெண்டும் உண்மை" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அன்டன் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனார். வெளிச்சத்தில் அந்தப் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியாது.

ஸ்டெல்லா போர்வையைக் கழற்றினார். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசுவது தெரிந்தது. "மிஸ், நீங்க வந்தது மண் எங்க போகுது எண்டு பாக்கவா, எங்கயிருந்து வருது எண்டு பாக்கவா?"

"எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத்தான்."

"அப்ப அதைச் சொல்லுங்க. எங்கட மண் எங்கயிருந்து வந்தது?"

அந்தக் கேள்வியை நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். இந்தக் கரைக்கு வந்த நாள் முதல் போகிற மணலையே பார்த்துக்கொண்டிருந்தேன். "எங்கேயாவது கொஞ்சம் ஆழமாகத் தோண்டலாமா?" என்றேன். அடுப்படிக்கு வெளியே ஸ்டெல்லாவே மண்வெட்டியை எடுத்து வெட்டினார். மேல் மண்ணுக்குக் கீழே வெளிறிய மணல். இன்னும் கீழே போனதும் மண்வெட்டி 'கரக்' என்று உரசியது. கரடு மணல். கையில் எடுத்து அலசினால் இளஞ்சிவப்பு மினுக்கம்.

அப்போது நான் கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு சிட்டிகை வைத்தேன். ஒன்று தோண்டி எடுத்தது. மற்றது இன்று காலையில் கரையில் அள்ளியது. என் கைக்கண்ணாடியை ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இது பெரிசு. மூலை மூலையா இருக்கு. சிவப்புக் கல்லும் இருக்கு. மற்றது பொடி. உருண்டை. சிப்பித்தூள்."

"சிவப்புக் கல் இருக்கிறது மலையிலிருந்து ஆறு கொண்டுவந்தது. ஹட்டன் பக்கத்து மலை. மூலை தேயாமல் இருக்கிறதென்றால் ஆற்றிலிருந்து வந்து சீக்கிரமே இங்கே படிந்துவிட்டது. உங்கள் வீடு நிற்கிறது அதன் மேல்தான்."

"அப்ப எங்கட வளவு மலைநாட்டு ஆள்."

"ஆமாம், இந்த வீட்டு மனை முழுவதும். மற்றது ஆற்று மணல் இல்லை. கடல் இருக்கிற கரையையே அரைத்து அரைத்து உருட்டிக்கொண்டிருக்கிறது."

"ஆறு இப்ப கொண்டுவாறதில்லையா?"

"அன்டனோடு போய்ப் பார்த்தோமே, சேறுதான் வருகிறது. மணலை மேலேயே, வழியிலேயே அள்ளிவிடுகிறார்கள்."

ஸ்டெல்லா கண்ணாடியைக் கீழே வைத்தார். "எடுக்கிற கடலை எங்களுக்குத் தெரியும் மிஸ். அது எப்பவும் எடுக்கும். குடுக்கிறதுதான் நிண்டு போச்சு, என்ன?"

"எனக்குத் தெரிந்தவரை அப்படித்தான். ஆனால் இந்த வீடு எப்போது போகும் என்று என்னால் சொல்ல முடியாது. அடுத்த வருஷமாக இருக்கலாம். உங்கள் மகளுக்குக் கல்யாணம் ஆகும் வரை நிற்கவும் கூடும்."

வாசலில் நின்று அன்டன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "கேட்டாய்தானே, நிக்கவும் கூடுமாம்" என்றார். ஆனால் அந்தக் குரலில் முன்பிருந்த வெற்றி இல்லை. ஸ்டெல்லா எங்களுக்குச் சாப்பாடு போட்டார். சோறும் பருப்பும் அன்டன் பிடித்த மீனும். அண்ணனுக்குப் பெரிய துண்டு வைத்தார். அவர் அதை எடுத்துத் தங்கையின் தட்டில் வைத்தார். ஸ்டெல்லா திரும்ப எடுத்து வைத்தார். கடைசியில் அது என் தட்டுக்கு வந்தது.

வெள்ளவத்தைக்குத் திரும்புகிற வழியில் சுதர்ஷினியிடம், "நாம் போகாமல் இருந்திருந்தால்?" என்று நான் தொடங்கினேன். "அவ அப்பவும் முடிவெடுத்துத்தான் ஆகவேணும் அக்கா" என்றார். "ஒண்டும் தெரியாமல் எடுத்திருப்பா. அவ்வளவுதான்."

ஊர் திரும்பி, ஸ்டெல்லாவின் கொல்லை மண்ணிலிருந்து கார்னெட்டைப் பொறுக்கிக் கருவியில் வைத்துப் பார்த்தேன். எங்கள் கடலடிக் குழாயின் சிவப்பு அடுக்கோடு அது பொருந்தியது. தென்தமிழ்நாட்டு மணல் பொருந்தவில்லை. துறைத்தலைவர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த ஒரு அடுக்குக்கு மட்டும் ஒத்துக்கொள்கிறேன்" என்றார். எனக்கு அது போதும். களனி முன்பு கடலாழம் வரை மணலை அனுப்பியிருக்கிறது. அதே ஆறு இப்போது தன் வாசலிலுள்ள கரைக்கே அனுப்புவதில்லை. கட்டுரையில் இதை ஒரு வரியில் எழுதினேன்.

ஸ்டெல்லா மகளோடு கொலன்னாவைக்குப் போய்விட்டார் என்று சுதர்ஷினி எழுதியிருந்தார். அன்டன் போகவில்லை. அடுத்த தென்மேற்குப் பருவம் தொடங்கியபோது எனக்கு நிம்மதி இல்லை. தினமும் அந்தப் பக்கத்து வானிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று ஓய்ந்த பிறகு சுதர்ஷினி ஒரு படம் அனுப்பினார். அடுப்படிக்குப் பின்னால் இருந்த தென்னைகள் இரண்டும் இல்லை. ஸ்டெல்லாவின் வீடு அப்படியே நின்றது. திண்ணென்று, ஒரு ஓடு கூடக் கலையாமல். வாசலில் அன்டன் சிரித்துக்கொண்டு நின்றார்.

 என் பேச்சை வைத்துத்தானே அந்த அண்ணன் தங்கை பிரிந்தார்கள்? தயங்கித் தயங்கி ஸ்டெல்லாவை அழைத்தேன். பின்னால் வாகனச் சத்தம் கேட்டது. இப்போது கொலன்னாவையில் எண்ணெய்க் கிடங்குகளில் வேலை செய்கிறவர்களுக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கிறாராம். ஹெந்தளையை விட வியாபாரம் நல்லது, மீன்தான் சரியில்லை, அண்ணன் ஞாயிற்றுக்கிழமையில் கொண்டுவந்து தருவார் என்றார்.

"வீடு நிற்கிறது, பார்த்தேன்" என்றேன். "அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேனோ என்று இருக்கிறது. என் மேல் கோபம் இல்லையே?"

"வீடு நிக்குது மிஸ். நானும் ஞாயித்துக்கிழம போய்ப் பாத்தன்" என்றார் ஸ்டெல்லா. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நிக்குதா எண்டு காலையில எழும்பி ஓடிப் பாக்கத் தேவையில்லாம இருக்கு. எனக்கு அது காணும்."

பிறகு, "வைக்கட்டா மிஸ், பஸ் வந்திட்டுது" என்றார். பார்சல் பைகள் உரசுகிற சத்தம் கேட்டது, தொடர்பு நின்றது.